விட்ட இடம்

வண்ணார்பேட்டையில் டயர்க் கடைக்கு மேலே ஆபீஸ்.
இரவு ஒன்றே கால். கீழே பைபாஸில்
கேரளாவுக்குப் போகும் லாரிகள்.

பதிவேட்டில் ஒரே உறுப்பினர் எண்:
முக்கூடல் 417.
பதினோரு முறை கேட்டிருக்கிறார்,
பதினோரு முறையும் அறுந்திருக்கிறது.
பன்னிரண்டு எம்பி. முப்பத்தொன்று.
ஒருமுறை நாற்பத்தைந்தரை.
மொத்தமே நாற்பத்தாறு.
கடைசியாக நாற்பது.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைப் படிவம்.
கறுப்பு வெள்ளை என்றால் ஒரு எம்பிக்குள் அடங்கும்.
ஜெபராணி கலரில் ஸ்கேன் பண்ணிவிட்டாள்.
கேட்டால், "சீல் செவப்பாத் தெரியணும்லா" என்றாள்.

கோப்பு கிடக்கும் அறைக்குத் தெருவிலிருந்து வழி கிடையாது.
நான் எழுதிய அறுபது வரிதான் வாசலில் நிற்கும்:
யார் என்று கேட்கும், பட்டியலில் எண் பார்க்கும்,
வருவது இன்ன வகை, இத்தனை பைட் என்று முதலில் சொல்லும்,
பிறகுதான் எடுத்துக் கொடுக்கும்,
கட்டுக்கு இருபத்தைந்து என்று பீடி எண்ணுவது போல
கட்டுக் கட்டாக.

அறுந்தால்?
அதை நான் எழுதவில்லை.
"நாப்பது வந்துட்டு, மிச்சத்தைத் தா" என்று
அந்த போன் சொல்லித்தான் பார்த்திருக்கிறது.
என் வரிகளுக்குக் காது இல்லை.
முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து.

நடுராத்திரி டேட்டா புதுசாகும்.
பன்னிரண்டு ஒன்றுக்கே 417 வந்துவிட்டார்.
கடைசித் தேதி நாளை.
இல்லை, இன்றைக்கு.

ரெண்டு மணிக்கு எழுதி முடித்தேன்.
என் போனில் இழுத்து, பாதியில் ஏரோப்ளேன் மோடில் போட்டு,
மறுபடி விட்டேன். முழுசும் வந்தது.
திறக்கவில்லை.
முக்கால் மணி நேரம் தேடினால்
முதல் வரிக்கு மேலே ஒரு காலி வரி.
இன்று ராத்திரி கை பட்ட என்டர்.
கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பைட்
எல்லாவற்றுக்கும் முன்னால் புகுந்து
ஒட்டுப் போட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தது.
அழித்தேன்.

மூணு பன்னிரண்டு. முக்கூடல் 417.
இந்தத் தடவை 200 இல்லை, 206:
மிச்சம் மட்டும்.
ரெண்டு எம்பியில் நின்றது.
நாலு நிமிஷம் ஒன்றுமில்லை.
பிறகு விட்ட இடத்திலிருந்து.
முடிந்தது.

திறந்ததா, பிரிண்ட் எடுக்க எங்கே போவார்,
சாயங்காலம் அஞ்சுக்குள் சேருமா,
பதிவேட்டில் அதற்கெல்லாம் பத்தி இல்லை.

காலையில் ஜெபராணி வந்ததும்
அந்தக் கலர் பட்டனைக் காட்டித் திட்டவேண்டும்.
திறந்து பார்த்தேன்.
சீல் நல்ல சிவப்புதான்.