துடைப்பக் கட்டை

பதினோரு ஆண்டுகளாக
என் தலைக்கு மேல் நடக்கிறார் விஸ்வால்டிஸ்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
தரையில் நடக்கத் தெரியாதவர்.
இரவு பன்னிரண்டு மணிக்கும்
அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையே
குதிகாலை ஊன்றி ஊன்றி.
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பேன்.
ஒரு நிமிடம் அடங்கும். பிறகு மறுபடி.
ரீகாவின் மெல்லிய கான்கிரீட் வழியே
எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அவருக்குக் காய்ச்சல்.
குழாய்த் தண்ணீரின் கூடவே
இருமலும் சுவருக்குள் இறங்கி வந்தது.
ஒன்பதாம் நாள் நின்றது.
தேறிவிட்டாராம், படுத்தபடியே கையெழுத்துப் போட்டாராம்,
படிக்கட்டில் தபால்காரி சொன்னாள்.
நல்லது என்று நானும் தூங்கினேன்,
இரண்டு இரவுகள், குழந்தை மாதிரி.

மூன்றாம் இரவு
அந்த அமைதிதான் என்னை எழுப்பியது.
படுத்துக்கொண்டே மேலே காது கொடுத்தேன்.
வெகுநேரம் கழித்து
ஒரு தொம்.
பிறகு எதையோ இழுக்கும் சத்தம்.
பிறகு தொம்.
அது அவருடைய நடை இல்லை.

இரவு உடையோடு ஏறினேன்.
கதவு திறக்கவே நேரமாயிற்று.
'சும்மா பிடிப்பு' என்றார்,
'படுத்தே கிடந்ததில்.'
இரண்டு கால்களிலும் ஒரே ஜோடிக் கம்பளிக் காலுறை.
வலது காலில் தளர்ந்து தொங்கியது;
இடது காலில் அதன் விளிம்பு
கயிறு இறுக்கிய பொட்டலமாய்ச்
சதைக்குள் புதைந்திருந்தது.
தொட்டேன். அந்தக் கால் மட்டும் சுட்டது.
ஒவ்வொரு வாக்கியத்தையும்
பாதியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்,
ஐந்து மாடி ஏறியது அவர்தான் என்பதுபோல.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை
நடக்க விடாமல் நாற்காலியில் இறக்கினார்கள்.

கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்தது.
அதில் ஒரு துணுக்கு
நுரையீரலுக்கே போய்விட்டிருந்தது.
படுக்கையைவிட்டு நகராத மனிதருக்குள்
அது மட்டும் ஊர் சுற்றியிருக்கிறது.
காய்ச்சல் போன கதவையே
எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச்சில் திரும்பி வந்தார்,
ரத்தம் உறையாதிருக்க மாத்திரைகளோடும்
மருத்துவர் எழுதிய ஒரு தாளோடும்:
நீண்ட நேரம் உட்கார வேண்டாம்,
மணிக்கு ஒருமுறை நடக்கவும்.
பதினோரு வருட வழக்கில் ஜெயித்தவராக
அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கட்டை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது.
ஹாக்கி ஆட்டம் நடக்கும் மாலைகளில்
நாற்காலியில் அமிழ்ந்துவிடுவார்.
கடிகாரத்தைப் பார்ப்பேன்.
ஒரு மணி தாண்டியும் அசைவில்லையென்றால்
எடுத்து இடிக்கிறேன்.
முதலில் ஒரு வசை கேட்கிறது.
பிறகு குதிகால்.
என் தேநீரில்
சுண்ணாம்பு உதிர்கிறது.