ஐந்து சீசா

சோஹாரில் ஆகஸ்ட்.
கண்ணாடிக்கு வெளியே காற்று வியர்க்கிறது.
உள்ளே, முப்பத்தைந்து டிகிரியில்,
ஒருவனுடைய கால் என்ன சொல்லும் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்:
ஐந்து சீசா, ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவு.

முகம் தெரியாது.
ஒட்டுத்தாளில் பிச்சைக்கனி லாரன்ஸ், முப்பத்தொன்று,
இடது கால், முழங்காலுக்குக் கீழே.
பக்கத்தில் டாக்டர் மரியம் அல் பலூஷியின் கிறுக்கல்:
ஐந்தும் ஐந்து கத்தியில் எடுத்தது,
மேலே ஒழுகிய சீழை நான் தொடவே இல்லை.

மீதி கோப்பில் படித்ததுதான்.
சாரத்திலிருந்து விழுந்தது போன டிசம்பரில்.
ஒரு தகடு, ஏழு திருகாணி.
வேலைக்குத் திரும்பிய ஆறாம் வாரம்
தழும்போரம் குண்டூசி முனை அளவு ஒரு வாய்.
மூடும், திறக்கும், சாக்ஸை நனைக்கும்.
காய்ச்சல் கிடையாது.
இரத்தத்தைக் கேட்டால் அரைமனதாக ஏதோ சொன்னது.
எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் கூடவில்லை,
மூன்றாம் திருகாணியைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்.

கேம்ப் வாசல் மருந்துக்கடையில்
கேட்டபோதெல்லாம் கிடைத்த மாத்திரையை
முதலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மரியம்,
இரண்டு வாரம்.
பயந்திருப்பான்.
கள்ளன் நடமாட வேண்டுமென்றால்
விளக்கை அணைத்துவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது
சில வீடுகளில்.

கழற்றிய தகடு தனி டப்பாவில் வந்தது.
காதுக்கு எட்டாத ஒலியில் குலுக்கும் தொட்டியில் இறக்கினேன்.
குளத்துப் படியில் பாசி மாதிரி
உலோகத்தைப் பிடித்திருக்கும் கூட்டம்
தண்ணீரில் உதிரட்டும்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள், மூன்றாவது சீசாவின் தட்டில்
கடுகில் பாதி, வெள்ளை.
சாயமேற்றிப் பார்த்தால் திராட்சைக் குலை.
எல்லார் தோலிலும் குடியிருக்கிற ஆசாமி,
இதை எழுதும் என் விரலிலும்.
அவன் எலும்பிலிருந்து வந்தானா,
என் கையிலிருந்து விழுந்தானா?
ஒரு சீசா சொன்னால் வதந்தி.
இரண்டு சொன்னால் சாட்சி.

நான்காம் நாள் போன்.
கம்பெனியின் மன்சூர். நல்ல மனிதன்தான், குரலைத் தாழ்த்தி,
"ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் சார்.
ஞாயிறு ராத்திரி டிக்கெட் போட்டாச்சு,
மீதியை ஊரில் பார்த்துக்கொள்வான்."
இல்லை என்பதற்கும் இன்னும் இல்லை என்பதற்கும் நடுவே
ஒரே ஒரு சொல்.
அதை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்பளமில்லை என்றேன்.
போனை வைத்தபின் கை நடுங்கியது.
என் விசாவும் அடுத்த மாதம் முடிகிறது.

ஆறாம் நாள் சனிக்கிழமை, விடுமுறை. போனேன்.
ஐந்தாவது சீசா.
தகடு குலுக்கிய தண்ணீரும்.
அதே கடுகு, அதே குலை,
கடை மாத்திரைக்கு மசியாத அதே பிடிவாதம்.

மரியம் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

செத்த எலும்பை,
பொட்டுப்பொட்டாய் இரத்தம் கசியும்வரை
அன்றைக்கே செதுக்கியிருந்தார்.
குழியில் மருந்து குழைத்த சிமெண்ட் மணிகள், கம்பியில் கோத்து.
இனி ஆறு வாரம் சொட்டுச் சொட்டாய், நரம்பு வழி.
சாரத்தில் நின்றவனின் காலைச் சுற்றி
இப்போது ஒரு சாரம்,
வளையமும் கம்பியுமாய்.

மூன்று வாரம் கழித்து வார்டு நர்ஸ் ஷைலஜா கூப்பிட்டாள்.
"உங்கள் பிச்சைக்கனி காலையிலிருந்து அழுகிறார்.
காயம் காய்ந்ததும் புது மாத்திரை சேர்த்தோம்.
சிறுநீரைப் பார்த்து இரத்தம் என்கிறார்,
நான் சொன்னால் கேட்கவில்லை. தமிழில் சொல்லுங்கள்."

என் பிச்சைக்கனி.
எலும்பின் நிறம் தெரியும், குரல் அன்றுதான் கேட்டேன்,
கரகரவென்று, சளி பிடித்த மாதிரி.
அது மருந்தின் நிறம் அண்ணே, ஆரஞ்சு, என்றேன்.
அழுதால் கண்ணீரும் கொஞ்சம் அப்படித்தான் வரும்.
"அப்படியா" என்றான். மூக்கை உறிஞ்சினான்.
துண்டில் துடைத்துப் பார்க்கிறான் போல, சத்தமில்லை.

தட்டுகளுக்குத் திரும்பினேன்.
வேறொருவன். தொடை எலும்பு.
இரண்டாம் நாள், ஒன்றுமில்லை இன்னும்.