கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

ஷார்ஜா, மன்னர் அப்துல் அஜீஸ் தெரு.
டைப்பிங் சென்டரில் நான்காவது நாற்காலி என்னுடையது.
விண்ணப்பம் ஒன்றுக்கு முப்பது திர்ஹாம்,
தப்பில்லாமல் அடித்தால் அதில் இரண்டு எனக்கு.

இந்தத் தெரு ஏன் இத்தனை நேராகப் போகிறது என்று
வந்த புதிதில் கேட்டேன்.
வெள்ளைக்காரன் பிளேன் ஓடின இடம், என்றார் முதலாளி ஷம்சீர்.
அவன் ஏறிப் போய்விட்டான்.
ஓடுபாதை மேல்
ஷவர்மா கடை, சிம் கார்டு கடை, நாங்கள்.

லுஹர் தொழுகை முடிந்து நஸ்மி வந்தார்.
அறுபத்து மூன்று வயது.
முப்பத்தெட்டு வருடம் இந்த ஊரின் சாக்கடைக் குழாய்களுக்குச்
சரிவு கணக்கிட்டவர்.
கையில் எகிப்து கொடுத்த பயணப் பத்திரம்,
பாலஸ்தீன அகதிகளுக்கானது என்று எழுதியிருந்தது.
கொடுத்த நாட்டுக்குள் போகவும் விசா வேண்டும், என்று சிரித்தார்.
சிரிப்பு பழகிய சிரிப்பு.

பிறந்த இடம்: கான் யூனிஸ், முகாம்.
தகப்பன் பிறந்த இடம்?
மஜ்தல்.

மூன்று எழுத்து அடித்ததும் பட்டியல் விரிந்தது.
மஜோர்கா வந்தது.
எந்தக் கடலிலோ கிடக்கும் மஜூரோ வந்தது.
மஜ்தல் வரவில்லை.

வேறு பேர் ஏதும் உண்டா சார்?

உண்டு. பிடித்தவர்கள் வைத்த பேர்.
அது இருக்கும் உன் பட்டியலில்.
அடிக்காதே.

ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

தகப்பனிடம் நிலவரி ரசீது ஒன்று இருந்ததாம்.
மூன்று மொழியில் அச்சு, மேலே ஆங்கிலம்,
வரி கட்டியவன் பேர் மட்டும் பேனாவில்.
கான் யூனிஸில் தங்கையின் பீரோவில் வைத்திருந்தார்கள்.
பீரோ மூன்றாம் மாடியில் இருந்தது, என்றார்.
இப்போது மாடி என்று சொல்ல முடியாது.

என் அம்மாவிடமும் ஒரு அட்டை உண்டு.
அப்புத்தளையில் பிறந்தவள்.
அவள் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே,
நாற்பத்தெட்டில்,
பிறக்கப்போகிறவளுக்கும் சேர்த்து நாடில்லை என்று சட்டம் போட்டாயிற்று.
பிறகு இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து
ஐந்தேகால் லட்சம் உருப்படி உனக்கு, மூன்று லட்சம் எனக்கு,
மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று
பேசி முடித்து டீ குடித்தன.
யார் பறித்த தேயிலையோ.

கூலிகளை மருந்தடித்துக் கப்பலேற்ற
வெள்ளைக்காரன் கட்டிய மண்டபம் முகாமில்தான்
அம்மாவும் வந்து இறங்கினாள், மூன்று தலைமுறை கழித்து.
கோத்தகிரியில் அவளுக்குப் பேர் சிலோன்காரி.
சொந்த ஊர் எது என்றால்
பேர் விழுந்த இடம் ஊரு, என்பாள்.
தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

இதெல்லாம் நஸ்மியிடம் நான் சொல்லவில்லை.
நாற்பத்தேழாம் டோக்கன் பெண்
கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

பட்டியலின் கடைசியில் "மற்றவை" என்று இருந்தது.
என் வாப்பா மற்றவையில் பிறக்கவில்லை, என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
போடு, என்றார்.

போட்டேன். நட்சத்திரம் மறைந்தது.
கீழே "குறிப்பு" என்று ஒரு கட்டம்,
நிரப்பவேண்டிய அவசியமில்லை, எவரும் படிப்பதுமில்லை.
அதில் அரபியில் அடித்தேன், அவர் கேட்காமலே:
தகப்பன் மஜ்தலில் பிறந்தவர்.
அனுப்பினேன். ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
ஜீமுக்குப் புள்ளி விழவில்லை.
அரபி விசைப்பலகையில் ஜீமும் ஹாவும் அடுத்தடுத்த வீடு,
என் விரல் வீடு மாறிவிட்டது.
மஹ்தல் என்றிருந்தது.
அப்படியும் ஒரு ஊர் உலகத்தில் இல்லை.

திருத்த வழியில்லை சார், போய்விட்டது.

சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து
எழுத்தின் வயிற்றுக்குள்
ஒரு புள்ளி வைத்தார்.
மை காயும்வரை தாளை மடிக்காமல் பிடித்திருந்தார்.
முப்பது திர்ஹாம் எண்ணி வைத்துவிட்டு
வெயிலுக்குள் போனார்.

தப்பு ஒன்று, என்று ஷம்சீர் குறித்துக்கொண்டார்.
அந்த விண்ணப்பத்துக்கு எனக்குப் பேர் விழவில்லை.
நாற்பத்தேழு, என்று கூப்பிட்டேன்.