மறுபடி வை

கெய்சர் வீதி, மொத்தத் துணி வியாபாரம்.
மாடிப்படி திரும்பும் இடத்தில்
விரல் பார்க்கும் மெஷின்.
எட்டரைக்குள் வைத்தால் முழுநாள்.
பிறகென்றால் அரை.

வெசாக் கூடுகள் இறக்கிய கிழமை
அது என்னை மறந்தது.
வலது பெருவிரலின் வயிற்றில் ஒரு பாலுண்ணி,
மிளகளவு, நடுவில் கறுப்புப் புள்ளிகள்.
மறுபடி வை என்றது இங்கிலீசில்,
பெண்குரலில், கோபமே இல்லாமல்.
மறுபடி வைத்தேன்.
பின்னால் ஏழு பேர்.
வேறு விரல் பதிய
தலைமைக் கந்தோரிலிருந்து ஆள் வரவேணும்.
வரவில்லை.

ரேகைகள் ஓடிவந்து
அதன் கரையில் விலகிச்
சுற்றிப் போயிருந்தன,
ஆமர் வீதியில் வெள்ளம் நிற்கையில்
பஸ்கள் போவது போல.

எருக்கம்பால் என்றாள் கூட்டித் துடைக்கும் பரமேசு.
வெள்ளவத்தை ரயில் பாதையோரம் முறித்து வந்தேன்.
நல்ல தோல் வெந்தது.
அது அப்படியே.

குதிரை மயிர் கட்டு என்றார் லொறி இம்தியாஸ்.
காலிமுகத்திடலில்
பிள்ளைகளை ஏற்றும் மட்டக்குதிரையின் வாலைப் பார்த்தபடி
ஒரு ஞாயிறு முழுக்க இறால் வடை தின்றேன்.
கேட்கத் துணிவில்லை.

சந்தமாலி சிரித்தாள்:
எங்கட பாஷையில இது இன்னா.
இன்னவா என்றால் இருக்கிறது.
பேரிலேயே, பார்,
போகிற எண்ணம் இல்லை.

கடைசியில் பாமசி.
மூடியோடு குச்சி ஒட்டிய சின்னப் போத்தல்,
சலிசிலிக் அமிலம்.
மூன்று மாதம் என்றார் மருந்து கொடுப்பவர்,
மூன்று நாள் என்று கேட்டமாதிரி
நான் தலையாட்டினேன்.

இரவில் இளஞ்சூட்டு நீரில் விரல்.
நக அட்டையால் வெள்ளையை உரசி,
சுற்றிவர வஸ்லின்,
நடுவில் ஒரு துளி.
காயும்வரை பெருவிரலைத் தூக்கிப் பிடித்திருப்பேன்.
எதுக்கடி ஓமெண்டுறாய்
என்பாள் அறையில் கூட இருக்கும் நிரோஜினி.

இந்த நகரத்தில்
நான் நான்தான் என்று
எத்தனையோ தரம் காட்டியிருக்கிறேன்.
ஐடென்டிகாட், பொலிஸ் பதிவுத் துண்டு,
வீட்டுக்காரியின் கடிதம்.
அப்போதெல்லாம் கடதாசியில்தான் பிழை.
விரல் என் பக்கம் நின்றது.

ஆவணி முடிய ஒரு காலை
உரித்த தோலுக்கடியில் இளஞ்சிவப்பு.
அதன் குறுக்கே,
பென்சிலால் மெல்ல இழுத்தமாதிரி,
விட்ட இடத்திலிருந்து கோடுகள்.

தேங்க் யூ என்றது மெஷின்.
கழித்த ஒன்பது அரைநாள்?
கணக்கர் தலை நிமிராமல் சொன்னார்,
அதிட்டயே கேளுங்கோ.

மிச்சப் போத்தலைச் சந்தமாலி கொண்டுபோனாள்,
மகனின் முழங்காலுக்கு.
பொறுமையாய்ப் பூசு, புண்ணாக்காதே,
முகத்தில் படவிடாதே என்றேன்.
எவ்வளவு நாளில போகும்?

கொஞ்சக் காலம்
இன்னவா.