ஏழாம் பம்பு

இரவு இரண்டு பதினேழுக்கு
ஏழாம் பம்பு தானே நின்றது.
'சுமை குறைவு' என்றது திரை.
நூற்றுப் பன்னிரண்டு மோட்டார்களின் சூடும் ஆம்பியரும்
ஒரே கேபிளில் வந்து கூடும் அறை.
யாருக்குக் காய்ச்சல் என்று
எனக்கு முன்பே அதற்குத் தெரியும்.

இழுக்க நீர் இல்லையென்றால்
மோட்டாருக்கு வேலை லேசாகிவிடும்.
லேசானால் ஆபத்து என்று
யாரோ அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

டார்ச்சோடு உப்பனாற்றுக்கு இறங்கினேன்.
உறிஞ்சுவாய்ச் சல்லடையில் அப்பிக் கிடந்தது
ஒரு வலை.
நேற்றைய காற்றில் அறுந்து வந்திருக்கும்.
மிதவைக்குப் பதில் நீலச் செருப்புத் துண்டுகள்:
சோனங்குப்பத்தில் அப்படிக் கட்டுகிறவர்
என் மச்சான் கலியபெருமாள் ஒருத்தர்தான்.
உள்ளே ஒரு மடவை, இன்னும் துடித்துக்கொண்டு.

கத்தி இடுப்பில் இருந்தது.
வாக்கிடாக்கியில் ஷிப்டு இன்சார்ஜ்
நிமிடம் நிமிடமாகக் கேட்டார்.

அவிழ்த்தேன்.
இருபத்தொன்பது நிமிடம்.

ரீசெட் செய்ததும் மெல்ல முனகி ஏறியது,
பதினாறு, இருபத்துநான்கு,
முப்பத்தொன்றில் நிலைத்தது.

காரணம் கேட்ட கட்டத்தில் ஐந்து தெரிவுகள்.
அவற்றில் வலை இல்லை.
'மற்றவை' அழுத்தினேன்.
தாமதம் ஏன் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு.
அதில் ஒன்றும் எழுதவில்லை.

ஆறு மணிக்குக் கேட்டைத் தாண்டும்போது
பைக்கின் பின்சீட்டிலிருந்து
உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.