ஒன்பது விநாடி

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்,
பருத்திக்கொட்டை குடோன் மாடியில் எங்கள் நிலையம்.
ஆன்டெனாவில் காக்கைக் கூடு.
கலைக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

பத்திலிருந்து பன்னிரண்டு கிட்டுச்சாமி.
மைக்குக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவைத்து
‘நாடு எங்கீங்க போகுது?’ என்று தொடங்குவார்.
எங்கும் போகாது.
மறுநாளும் அதே நாற்காலியில் அவர்,
கண்ணாடிக்கு இப்பால் நான்.

திங்களன்று பொண்ணுக கையில் போன்,
புதன் என்றால் கள்,
வெள்ளிக்கிழமை எல்லை தாண்டி வருகிறவர்கள்,
எல்லை தாண்டிப் போகிறவர்கள்.
அவர் குரலுக்குப் பர்மிட் கேட்க ஆளில்லை.
மீனாட்சிபுரம் கள்ளுக்கடை வரை நடந்தே போய்விடும்.
புதன்கிழமை அங்கே சத்தத்தைக் கூட்டிவைத்து,
கப்பையை மென்றபடி
‘சொல்றது நியாயந்தானே’ என்பார்களாம்.

நிகழ்ச்சியை வழங்குவது ஒரு கோழித்தீவனக் கம்பெனி.
அதற்கும் கணக்கு உண்டு.
பண்ணைகளில் இரவு பகலாக ரேடியோ ஓடும்.
மனுசச் சத்தம் பழகிய குஞ்சு திடுக்கிடாதாம்.
நேயர்கள் எத்தனை என்று கேட்டால்
முதலாளி லட்சத்தில் சொல்வார்,
கோழிகளைக் கழிக்காமல்.

போன மாதம் தங்கச்சி சுகந்தி
கொழிஞ்சாம்பாறைப் பையனோடு
சித்தூரில் பதிவு செய்துகொண்டாள்.
டீக்கடையில் வாய்தவறிச் சொன்னேன்.
கெட்டவர் இல்லை கிட்டுச்சாமி.
‘புள்ள நல்லா இருக்கட்டும்’ என்று
கவரில் ஐந்நூற்று ஒன்று வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மைக்கில்,
‘எனக்குத் தெரிஞ்ச குடும்பமுங்க, பேர் சொல்லமாட்டேன்.
அப்பன்காரன் இனி
எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சந்தைக்குப் போவான்?’
பேர் சொல்லவில்லைதான்.
ஊர் சொன்னார்.
அப்பாவின் பச்சை மொபெட்டைச் சொன்னார்.

யோசித்துச் செய்தேன் என்றால் பொய்.
விரல் ஃபேடரில் இருந்தது, கீழே இறங்கியது.
கண்ணாடிக்கு அப்பால்
மேசையைத் தட்டினார், கையை ஓங்கினார்.
நாடு போய்க்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.
ஒன்பது விநாடி.
கடிகாரம் எதிரில் இருப்பதால் தெரியும்.
பிறகு ஏற்றிவிட்டேன்.

அப்பா கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன்.
வந்த போன் ஒன்றுதான்.
வேலந்தாவளம் பண்ணையில் கூலிவேலை,
பேர் வஞ்சியம்மாள்.

‘ஏனுங்க, பதினொண்ணு இருபதுக்கு ரேடியோ நின்னுதுங்களா?
நின்னதும் கோழியெல்லாம் மிரண்டு
ஒரே மூலைக்கு ஓடி
ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிச்சுங்க.
அடியில செத்தது நாப்பத்திமூணு.
எங் கூலியில புடிப்பாங்க.
அந்தண்ணன் நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு.
என்ன பேசுனாருன்னு கவனிக்கலீங்க.’

எலி வயரைக் கடித்துவிட்டது என்றேன்.

சுகந்திக்குக் கொடுக்காமல் வைத்திருந்த கவரை
பால்வண்டிக்காரரிடம் வேலந்தாவளத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.
நாற்பத்துமூன்று கோழிக்கு அது காணாது.

திங்கட்கிழமை.
செருப்பைக் கழற்றினார்.
‘ஆரம்பிக்கலாமா கண்ணு?’

ஃபேடரை ஏற்றினேன், மெதுவாக,
இன்னும் மெதுவாக,
எங்கோ ஒரு கொட்டகையில்
எதுவும் தலைதூக்காதபடி.