பன்னிரண்டு சட்டகங்கள்

முதல் ஆட்டத்தை மின்வெட்டுக்குள் செய்தோம்.
சாட்ஸ்வர்த்தில், டயர் கடையின் மாடியில்,
ஒரே அறை, நான்கு பேர்.
எப்போது போகும் என்று அட்டவணை சொல்லும்;
அட்டவணைக்கு முன்பே போய்விடும்.
அதனால் பத்தடிக்கு ஒருமுறை சேமித்தோம்.
வீரன் செத்தாலும் அந்தப் பத்தடிதான் நஷ்டம்.
ஆடியவர்கள் எழுதினார்கள்:
செய்தவர்களுக்கு ஈர நெஞ்சு.
நெஞ்சில்லை ஐயா,
பேட்டரி.

இரண்டாம் பாகத்துக்குக் காசு வந்தது.
கேப் டவுன் காசு. கூடவே ஒரு தேதி.
இன்வெர்ட்டர் வாங்கினோம், விளக்கு அணையவில்லை,
சேமிக்கும் இடங்கள் எங்களுக்கு மறந்தே போயின.
சோதித்துப் பார்க்க ஸ்பமாண்ட்லாவும் நானும்தான்.
எட்டு மாதம் ஒரே பாலத்தைக் கடந்த விரல்கள்
எதைக் கஷ்டம் என்று அறியும்?
"ரொம்ப லேசு" என்றான்.
எதிரிகளின் உயிரை இரண்டால் பெருக்கினேன்.
அடுத்த வாரமும் லேசாகவே இருந்தது.

நான்காம் கட்டத்துக் காவலாளி
லோஷினியின் கைவேலை.
கதையை ஓங்கப் பன்னிரண்டு சட்டகம்,
இறக்க நான்கு.
இறக்குவதை முதலில் வரைந்தாள்,
அவளுக்கு அதுதான் பிடிக்கும்.
ஓங்குவதை வரையுமுன் விசா வந்துவிட்டது.
செவ்வாய்க்கிழமை கேக் வெட்டினோம்.
வியாழக்கிழமை விமான நிலையத்தில்
அவள் கணவன் தள்ளிய வண்டியில் ஐந்து பெட்டிகள்,
ஒன்றில் மசாலாப் பொடி மட்டும்.

ஓங்கும் இடம் சும்மா கிடக்க வேண்டாமே என்று
கீழே குபேந்திரன் நட்டு முடுக்கும் சத்தத்தை
ஃபோனில் பிடித்து அங்கே வைத்தேன்.
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.
அப்புறம் என்பது
தேதிக்குப் பிறகு வரும் நாள்.

வெளியானது.
காவலாளி ஓங்காமலே அடித்தான்.
நின்றவன் நின்றபடி இருப்பான்,
அடுத்த கணம் கதை உன் மண்டையில்.
ஈவிரக்கமற்றவர்கள் என்றது பாதி உலகம்.
மறுபாதி நாற்பது நிமிடம் பேசியது:
எச்சரிக்கை தராத எதிரி, என்ன துணிச்சல்,
அடக்குமுறை பற்றி எவ்வளவு ஆழமான தத்துவம்!
முழுவதும் கேட்டேன்.
கொஞ்ச நேரம் நம்பவும் செய்தேன்.

பிறகு ஒரு காணொளி.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் யாரோ ஒருத்தி,
திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு
காவலாளியை மூன்று முறை வீழ்த்தினாள்.
டர்ர் என்றதும் உருளுகிறாள்.
அவ்வளவுதான்.
நாங்கள் வரையாமல் விட்டதை
அவள் காது பார்த்திருக்கிறது.

குபேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி
குனிந்து கேட்டார்.
"அந்த நீலப் போலோ. இடது பின்சக்கரம்.
மரை தேஞ்ச நட்டு, அதான் இப்படி இழுக்குது."
சண்டையை அவர் பார்க்கவே இல்லை.

நேற்று லோஷினி அனுப்பினாள்
டொரான்டோவிலிருந்து, மன்னிப்போடு, பன்னிரண்டு படங்கள்.
அங்கே ஒரு வங்கி விளம்பரத்துக்கு
பன்றி உண்டியல்கள் வரைகிறாளாம்.
முதல் படத்தில் தோள் உயர்கிறது.
மணிக்கட்டு திரும்புகிறது.
ஏழாவதில் காவலாளி தயங்குகிறான்,
இமை அசையும் நேரம்,
அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கோப்பு திறந்தே இருக்கிறது.
சேர்த்துவிட்டால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள்.
முதுகைக் காட்டி உட்கார்ந்தவளிடம்
நான் என்ன சொல்ல?

மூன்றாம் பாகத்துக்குத் தேதி கேட்கிறார்கள்.
கீழே டர்ர் என்கிறது.
நாற்காலியில் என் தோள்
தானாக ஒதுங்குகிறது.